பதினான்கு பேரும் ஒரு படகும்

(சென்ற ஆண்டு நடைபெற்ற முன்னாள் மாணவர் குடும்பச் சந்திப்பின் முதல் நாள் மாலை ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'பயண நினைவுகள்'. செயலாளர் போன் செய்து, 'நீதான் ஊர் ஊரா சுத்துறவன், இருபது நிமிஷம் ஜாலியா பேசு' என்றார். சைட் இன்ஜினீயர் ஊர் ஊராகச் சுற்றுவது ஜாலிக்காக அல்ல என்பது சிவில்காரர்களுக்குத் தெரியும். சிமென்ட் லாரி எங்கே நிற்கிறதோ அங்கேதான் நம் சுற்றுலாத் தலம். இருந்தாலும் தட்டவில்லை. தட்டாததற்கு ஒரு காரணம் உண்டு. நாளைய நிகழ்ச்சி நிரலில், 'காலை 7 மணி, இரண்டு பேருந்துகளில் பழவேற்காடு குடும்பச் சுற்றுலா. படகு சவாரி' என்று போட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். நேரே அங்கே போனால் போர் அடிக்கும். கொஞ்சம் சுற்றி வருகிறேன்.

எங்கள் ஹாஸ்டல் வாழ்க்கையில் வாரக் கடைசி என்றால் மூன்று வகை. காசு இருந்தால் மகாபலிபுரம். காசு இல்லாவிட்டால் மெரினா. காசு இருப்பது போலவும் இல்லாதது போலவும் இருந்தால் பொன்னேரி. சென்ட்ரலுக்குப் பக்கத்து மூர் மார்க்கெட் காம்ப்ளெக்சில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் என்று ஒவ்வொன்றாக நின்று நின்று போகும். எண்ணூர் தாண்டும்வரை ஜன்னலில் புகைபோக்கிகள், மீஞ்சூர் தாண்டினால் வயல். பொன்னேரியில் இறங்கி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லி வடையை முடித்துக்கொண்டு, திருப்பாலைவனம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தால், கடைசி நிறுத்தம் பழவேற்காடு. அந்த பஸ்ஸில் நம்மோடு மீன் கூடைகளும் வரும். திரும்பி வரும்போது அந்த வாசனை நம்முடையதா கூடையுடையதா என்று சொல்ல முடியாது.

பழவேற்காட்டின் பெருமையைப் பேராசிரியர்கள் முன்னால் நான் சொல்வது சரியல்ல. ஆனாலும் குழந்தைகள் இருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. வடக்கு தெற்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பெரும் பகுதி ஆந்திராவில். பொன்னேரியைத் தொட்டுக்கொண்டு ஓடும் ஆரணியாறு அதில்தான் கலக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா. 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரை முழுவதையும் அங்கிருந்துதான் நிர்வாகம் செய்தார்கள். நம்ம அப்பாக்கள் கட்டிய 'பாலியகாட்' லுங்கி இருக்கிறதே, அந்தப் பெயரே பழவேற்காட்டிலிருந்து வந்ததுதான்.

முதல் தடவை நாங்கள் அங்கே போனது வாரக் கடைசியில் அல்ல. 2008 அக்டோபர் 22, புதன்கிழமை. (எச்.ஓ.டி. சார் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பதினாறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது சார், அட்டெண்டன்ஸை விட்டுவிடுங்கள்!) அன்று காலை 6.22-க்கு சந்திரயான்-1 கிளம்பியது. முந்தைய நாள் கடைசி பஸ்ஸில் போய், ஒரு டீக்கடைத் திண்ணையில் கொசுக்கடியில் கிடந்தோம். விடியும்போது வானம் முழுக்க மேகம். வடக்கே திடீரென்று ஒரு வெளிச்சம், கொஞ்ச நேரம்தான், மேகத்துக்குள் போய்விட்டது. சத்தம் பின்னால் வந்தது, தரை அதிர்வது போல. நாங்கள் கத்திய கத்தில் நாய்கள் எல்லாம் எழுந்துவிட்டன. பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் தலையைக்கூடத் தூக்கவில்லை. 'அண்ணா, பாக்கலையா?' என்றோம். 'அது போற அன்னிக்கெல்லாம் எங்களைக் கடலுக்குப் போவாதேன்றான். நீங்க பாருங்க' என்றார். எங்களுக்கு அது ஒரு ஜோக்காகத்தான் தோன்றியது.

அடுத்தது 2009 ஜனவரி, பொங்கல் விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் பதினான்கு பேர். இந்த அரங்கில் அவர்களில் ஒன்பது பேர் இருக்கிறீர்கள், எண்ணிவிட்டேன். பூநாரை பார்க்க வேண்டும் என்று போனோம். கரையில் நாலைந்து படகுக்காரர்கள் 'முகத்துவாரம் போவலாம், வாங்க' என்று கூப்பிட்டார்கள். ஆறு பேருக்கு ஒரு படகு, அறுநூறு ரூபாய் என்றார் ஒருவர். நமக்குத்தான் பேரம் பேசுவதில் டிஸ்டிங்க்ஷன் ஆயிற்றே! இரண்டு படகு எடுத்தால் ஆயிரத்து இருநூறு. பதினான்கு பேரும் ஒரே படகில் ஏறிக்கொள்கிறோம், அறுநூறே தருகிறோம் என்றோம். அவர் தயங்கினார். படகைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். 'ஆடாம உக்காரணும்' என்றார். சரி என்று சத்தியம் செய்தோம். உயிர்காப்பு உடை என்று ஒன்று உண்டு என்பதே யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நீச்சல் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

அது சுற்றுலாப் படகு அல்ல. வலையும் நாலைந்து ஆளும் போவதற்கான ஃபைபர் படகு. போகும்போது சத்தியத்தைக் காப்பாற்றினோம். முகத்துவாரத்தில் இறங்கி, மணலில் ஆடி, வாங்கிக்கொண்டு போன புளிசாதத்தை முடித்தோம். திரும்பும்போது மதியம். கடல் வற்றுகிற நேரம், ஏரித் தண்ணீர் வாய்க்கால் மாதிரி கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது. அப்போது இடது பக்கம் பூநாரைக் கூட்டம் எழுந்தது. நின்றபோது அழுக்கு வெள்ளையாக இருந்தவை, இறக்கையை விரித்ததும் உள்ளே அத்தனை சிவப்பு! 'டேய்!' என்று ஒருவன் எழுந்தான். அவ்வளவுதான், எல்லோரும் எழுந்துவிட்டோம், எல்லோரும் இடது பக்கம். படகின் விளிம்பு தண்ணீரைத் தொட்டது. தொட்டது என்ன, உள்ளேயே வந்துவிட்டது. கணுக்கால்வரை தண்ணீர். படகுக்காரர் கழியைத் தரையில் ஊன்றி, உடம்பை முழுக்க வலது பக்கம் சாய்த்துத் தொங்கிக்கொண்டு போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. 'குந்துங்கடா!' என்றார். அதற்கு முன்னால் சொன்ன வார்த்தையைக் குழந்தைகள் இருக்கும் சபையில் சொல்ல முடியாது. குந்தினோம். படகு நிமிர்ந்தது.

பிறகு என்ன செய்தோம் தெரியுமா? சிரித்தோம். கரை சேரும்வரை அவர் வாயில் வந்த அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நாங்கள் எழுந்து நின்ற அந்த நொடியில் முனையில் உட்கார்ந்திருந்தவன் ஒரு போட்டோ எடுத்திருந்தான். அதுதான் எங்கள் பேட்ச் ஆல்பத்தின் அட்டைப் படம்! அடியில் 'டைட்டானிக்' என்று எழுதினோம்.

சிவில் மாணவர்களே, இதில் வெட்கக்கேடு எங்கே என்றால், நாங்கள் எல்லோரும் அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் திரவ இயக்கவியல் தாள் எழுதிப் பாஸ் செய்திருந்தோம். மிதக்கும் பொருளின் நிலைத்தன்மை, பதினாறு மார்க் கேள்வி. மெட்டாசென்டர் எங்கே, புவிஈர்ப்பு மையம் எங்கே என்று படம் போட்டு அம்புக்குறி போட்டவர்கள் நாம். ஆள் உட்கார்ந்திருக்கும்போது பாரம் கீழே இருக்கிறது. எழுந்தால் புவிஈர்ப்பு மையம் மேலே ஏறுகிறது, மெட்டாசென்டருக்கும் அதற்கும் உள்ள இடைவெளி குறைகிறது. எல்லோரும் ஒரு பக்கம் நகர்ந்தால் படகு சாய்கிறது. சாய்ந்த படகில் தண்ணீர் புகுந்தால் அந்தத் தண்ணீரும் அதே பக்கம் ஓடி இன்னும் சாய்க்கிறது. கணக்கு எல்லாம் நமக்குத் தெரியும். அன்று அந்தக் கணக்கைப் போட்டது பள்ளிக்கூடம் தாண்டாத ஒரு மனிதரின் உடம்பு. நம் தாளுக்கு எண்பது மார்க் போட்ட பேராசிரியர் என்னை மன்னிக்க வேண்டும்.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ், ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது ஒரு சைட்டில் இருந்தேன். இரவு சாப்பாட்டுக் கடையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து, விடுமுறைக்கு வந்த குடும்பத்தினர், 22 பேர் இறந்துபோனார்கள். அவர்களிடமும் உயிர்காப்பு உடை இல்லை. திரையில் அந்தக் கரை, அந்தப் படகுகள், எனக்குத் தெரிந்த இடம். தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ரூமுக்கு வந்து ஆல்பத்தை எடுத்து அந்த அட்டைப் படத்தைப் பார்த்தேன். நாங்கள் பதிமூன்று பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம், படம் எடுத்தவன் பதினான்காவது. பின்னால் ஓரத்தில், கழியைப் பிடித்த ஒரு கை மட்டும். முகம் படத்துக்கு வெளியே போய்விட்டது. அவர் பெயர் என்ன என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் படகு, இவருடைய படகோ என்று ஒரு பயம். பத்திரிகையில் வந்ததை எல்லாம் படித்தேன். இவரா இல்லையா என்று கண்டுபிடிக்க எனக்கு வழி இல்லை. பெயர் தெரிந்தால்தானே தேட!

2012 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, தனியாகப் போனேன். கரையில் சத்தமே இல்லை. விபத்துக்குப் பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை போட்டிருந்தார்கள். டீக்கடையில் போட்டோவைக் காட்டி, 'இந்தக் கையை யாருக்காவது தெரியுமா' என்று கேட்டால் எப்படி இருக்கும்? கடைக்கார அம்மா சிரித்துவிட்டார். ஆனால் படகில் பூசியிருந்த வண்ணத்தைப் பார்த்து, 'இது நம்ம ஆளுது' என்று ஒரு பையனை அனுப்பினார். அரை மணி நேரத்தில் வந்தார். உயிரோடு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு. எனக்கு என்ன பேசுவது என்றே தெரியவில்லை. அவருக்கு என்னை ஞாபகமே இல்லை. எங்களைப் போல எத்தனை பேரை ஏற்றியிருப்பார்! போட்டோவைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். 'பதினாலு பேரா? ஏத்தியிருக்கக் கூடாது தம்பி. அறுநூறு ரூபாய்க்கு ஏத்திட்டேன்' என்றார். 'கேட்டது நாங்கதானே அண்ணா' என்றேன். 'நீங்க கேப்பீங்க. எனக்கில்ல தெரியணும்?' என்றார். எனக்கும் தெரிந்திருக்க வேண்டியதுதான், பதினாறு மார்க்குக்கு எழுதியவன் நான், என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அதை இங்கே சொல்கிறேன்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய்க்கொண்டிருக்கிறேன். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அங்கே 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியில், முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், இறாலுக்கு வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே இடத்தில் போய் நின்றால் சண்டைதான். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்க்காரர்களும் இடங்களைப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இந்த இடம் இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது, சுற்றி வரும். எந்தக் கல்லூரியும் சொல்லிக்கொடுக்காத நிர்வாகம். பாடு இல்லாத நாளில்தான் அவர் எங்களைப் போன்றவர்களை ஏற்றிக்கொண்டிருந்தார். ராக்கெட் பறக்கிற நாளில் கடல் இல்லை, பாடு இல்லாத நாளில் நல்ல இடம் இல்லை, கோடையில் முகத்துவாரம் மணல் மூடினால் ஏரியில் இறாலே இல்லை. அந்த அறுநூறு ரூபாய் எங்கிருந்து வந்தது, அவர் ஏன் தயங்கியும் ஏற்றினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இருளர் குடும்பங்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பையைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள். எங்கள் 2009 போட்டோக்களில் ஒன்றில் தூரத்தில் அப்படி இரண்டு தலைகள் தெரிகின்றன. நாங்கள் அதைக் குளிக்கிறார்கள் என்று நினைத்தோம்!

நீண்ட பயணம் ஒன்றாவது சொல்லாவிட்டால் செயலாளர் கோபித்துக்கொள்வார். 2015-இல் நானும் மனைவியும் ஒடிசாவுக்குப் போனோம். ஹவுரா போகிற ரயில் பொன்னேரியில் நிற்காமல் பறக்கும்போது, லோக்கலில் தொங்கிய நாட்களை நினைத்துக்கொண்டேன். சிலிகா ஏரியைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. மனைவிக்குப் புரியின் கோயில். இரண்டும் நடந்தது. சிலிகாவிலும் பழவேற்காட்டுக் கதையேதான். முகத்துவாரம் தள்ளிப்போய், மணல் அடைத்து, கடல் தண்ணீர் வருவது குறைந்து, களை மண்டி, மீன் குறைந்தது. 1993-இல் ராம்சார் உடன்படிக்கையின் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தார்கள். 2000 செப்டம்பரில் மணல் திட்டை வெட்டிப் புது முகத்துவாரம் திறந்தார்கள். உப்பும் மீனும் திரும்பின, 2002-இல் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. திரும்பி வந்ததும் அதைப் பழவேற்காட்டில் மூச்சு விடாமல் சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டார். 'அங்க வெட்டினாங்க, சரி. இங்க வெட்டினா எத்தினி நாள் நிக்கும்?' என்று ஒரே கேள்வி கேட்டார். நல்ல கேள்வி. நம் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி நாள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சென்னைத் துறைமுகச் சுவர் அதை மறித்ததால்தான் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. வெட்டிய வாயை அந்த மணல் மறுபடி மூடும். அதனால்தான் வெட்டினால் மட்டும் போதாது, இருபுறமும் கற்சுவர் வேண்டும் என்று அந்த மீனவர்கள் பல ஆண்டுகள் கேட்டார்கள். அரசும் பிறகு அந்த வேலையை எடுத்தது. சுவர் கட்டினால் அதற்கு வடக்கே இருக்கும் குப்பத்தின் கதி என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன், ஆனால் மணி அடிக்கத் தயாராக ஒருவர் நிற்கிறார்.

போன வருஷம் என் மகளை அழைத்துக்கொண்டு போனேன். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். பயப்படுவாள் என்று நினைத்தேன். 'அப்பா, இவங்க வாட்ச்மேனா?' என்று கேட்டாள். உள்ளே முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கல்லறைகள், எழுத்து இன்னும் படிக்கும்படி இருக்கிறது. ஏரிக்கரைக்கு வந்ததும் எல்லாக் குழந்தைகளும் கேட்பதைக் கேட்டாள்: 'படகுல போலாமா?' அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அவர்தான் பதில் சொன்னார்: 'பாப்பாவுக்குப் போடற சட்டை எங்கிட்ட இல்ல கண்ணு. அது இல்லாம ஏத்த மாட்டேன்.' அவள் அழுதாள். ஐஸ் வாங்கிக்கொடுத்தேன்.

இப்போது நாளைய நிகழ்ச்சிக்கு வருகிறேன். குழுவில் ஒரு நண்பர், 'ஆளைப் பிடிச்சாச்சு, கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லிக்கலாம், ஒரு படகுக்குப் பதினைஞ்சு பேர்' என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். 2009-இல் நாங்களும் நல்ல எண்ணத்தில்தான் ஏறினோம். இரண்டு பேருந்தில் வருபவர்கள் நூறு பேர் என்றால் அதில் முப்பதுக்கு மேல் குழந்தைகள். வேண்டாம் நண்பர்களே. அந்த வரியை அடித்துவிடுங்கள். நாம் வற்புறுத்தினால் யாராவது ஒருவர் நாளைக்கும் தயங்கியபடி ஏற்றிவிடுவார். அவருக்கு அந்தப் பணம் தேவை. பழவேற்காட்டிலிருந்து லைட்ஹவுஸ் குப்பத்துக்கு இப்போது பாலம் இருக்கிறது. பேருந்து அந்தப் பக்கம் போகும். பாலத்தின் மேலிருந்தே ஏரி இரண்டு பக்கமும் தெரியும். கல்லறைத் தோட்டம் பார்க்கலாம். மீன் ஏலம் பார்க்க வேண்டுமானால் ஏழு மணிக்குக் கிளம்பினால் நடக்காது, ஐந்துக்குக் கிளம்ப வேண்டும். இதற்கு மகளிர் பக்கத்திலிருந்து எதிர்ப்பு வரும் என்று தெரியும், அதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

படகுக்கு ஒதுக்கிய பணம் இருக்கிறதே, அதற்கும் ஒரு வழி சொல்கிறேன். அண்ணன் வீட்டிலும் பக்கத்து இரண்டு வீடுகளிலும் நூறு பேருக்கு மதியச் சாப்பாடு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நண்டுக் குழம்பு, இறால் தொக்கு, மீன் வறுவல். தலைக்கு எவ்வளவு என்று அவர்கள் கேட்ட தொகையைப் பொருளாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தயவுசெய்து பேரம் பேசாதீர்கள், அதில் நாம் ஏற்கெனவே வாங்கிய டிஸ்டிங்க்ஷன் போதும். அண்ணன் பெயரை நான் மேடையில் சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். நாளை நேரில் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அன்று படகில் இருந்த ஒன்பது பேரும் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஒன்றே ஒன்று பாக்கி. இறால் வாங்க அவர்களுக்கு இன்றிரவு எட்டு மணிக்குள் எண்ணிக்கை சொல்ல வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் தனியாகக் கை தூக்குங்கள், சாம்பாருக்குச் சொல்லிவிடுகிறேன். எண்ணுகிறேன்... சார், நீங்களுமா?